மேசைக் கதை விளையாட்டும் கப்பமும்

ஆசிரியருக்கு,

'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற மேசைக் கதை விளையாட்டு பற்றிய உங்கள் கட்டுரையில் 2023 உரிமச் சண்டை விடுபட்டுவிட்டதே! 2000 முதல் அதன் விதிகளை எவரும் இலவசமாகப் பயன்படுத்த வழிசெய்த திறந்த உரிமத்தை ஒழிக்கப் பார்த்தது, விளையாட்டை வெளியிடும் விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் நிறுவனம். கசிந்த புதிய உரிம வரைவின்படி, ஆண்டு வருமானம் 7,50,000 டாலரைத் தாண்டினால், அதிகப்படியான தொகையில் 25 சதவீதம் வரை கப்பம். லாபத்தில்கூட அல்ல, வருமானத்தில்! சாகசக் கதைகள் எழுதி அந்த விளையாட்டை வளர்த்த வெளிப் பதிப்பாளர்களிடம் இப்படியா? ரசிகர்கள் விளையாட்டின் இணையச் சந்தாவை ரத்துசெய்யத் தொடங்கினார்கள். அதையடுத்து, ஜனவரி 27 அன்று அடிப்படை விதிகளே கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளிவந்தன. இதை ரசிகர் மீதான மரியாதை என்று நான் ஏற்கமாட்டேன். சந்தா போன பயம். கொடுத்த அந்த உரிமத்தை இனி திரும்பப் பெற முடியாது என்பதுதான் ஒரே நிம்மதி.

– ஒரு வாசகர்