பெட்ரோல்ல கழுவினாத்தான் சுத்தமாகுமாம்!

போன வாரம் கட்டப்பனை பக்கம் ஒரு ஒர்க்‌ஷாப்புக்குப் போயிருந்தேன். கடன் விஷயமாகத்தான், வேறென்ன. ஒரு பழைய ஜீப்பின் இன்ஜினை இறக்கி அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்துப் போட்டிருந்தார்கள். பிளாஸ்டிக் பெயிண்ட் வாளியில் பாதி பெட்ரோல். முழங்கை வரை கையை விட்டு பிஸ்டனைத் தேய்த்துக்கொண்டிருந்தான் ஒரு பையன். மீசைகூட சரியாக முளைக்கவில்லை. "எந்த ஊர் தம்பி?" என்றேன். "கம்பம் பக்கம் சார்." வெளியே நல்ல மழை, ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தார்கள். பத்தடி தள்ளி வெல்டிங் நடக்கிறது!

ஆசானிடம் கேட்டேன். "முப்பது வருஷமா இப்படித்தான் சாரே, ஒண்ணும் ஆகலை" என்றார்.

இந்த 'ஒண்ணும் ஆகலை'யைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வாராக்கடன் ஆன ஒவ்வொரு கணக்கும் அதற்கு முந்தின மாதம் வரை நல்ல கணக்குதான்.

பெட்ரோல் மைனஸ் 40 டிகிரியிலேயே பற்றக்கூடிய ஆவியை விடும். டீசலுக்கோ மண்ணெண்ணெய்க்கோ குறைந்தது 35 டிகிரியாவது வேண்டும். ஹைரேஞ்ச் குளிரில் இந்த வித்தியாசம் சாதாரணமானதில்லை. நம் பெட்ரோலியச் சட்டமே (1934) பெட்ரோலை 'ஏ' வகுப்பிலும் மற்ற இரண்டையும் 'பி' வகுப்பிலும் தனித்தனியாக வைத்திருக்கிறது. பெட்ரோல் ஆவி காற்றைவிட கனம். மேலே போகாது, தரையோடு தவழும். ஷட்டரை இறக்கிவிட்டால் அது போவதற்கு இடமேது? வெல்டிங் பொறியைத் தேடித்தான் போகும். கம்பி பிரஷ் உரசினாலும் பொறிதான்.

தீப்பிடிக்காவிட்டாலும் நிம்மதி இல்லை. பெட்ரோலில் பென்சீன் இருக்கிறது. பாரத் ஸ்டேஜ் 6 விதிப்படி 1 சதவீதம் வரை இருக்கலாம். அது ரத்தப் புற்றுநோய் வரவழைக்கும் சரக்கு. தோலில் இறங்கும், மூச்சில் ஏறும்.

"டீசல்ல கழுவினா பிசுக்கு போகாதே" என்பார்கள். ஒரு ராத்திரி ஊறப் போட்டால் ஏன் போகாது? காலையில் நைலான் பிரஷ்ஷால் தேய்த்து, சோப்புத்தூள் போட்ட வெந்நீரில் அலசி, உடனே காயவைத்து ஆயில் தடவணும். இல்லையென்றால் இரும்பு துருப்பிடிக்கும். கைக்கு நைட்ரைல் உறை, கண்ணுக்குக் கண்ணாடி. கழுவின டீசலை ஓடையில் கொட்டக் கூடாது, கேனில் பிடிக்கணும். கழிவு ஆயில் 2016 விதிகளின்படி அபாயக் கழிவு. இந்த ஊர் ஓடைகளில் பல கடைசியில் பெரியாறுக்குத்தான் போகின்றன.

காஸ்டிக் சோடா இன்னொரு கூத்து. இரும்பு பிளாக்குக்கு சரி. அலுமினிய பிஸ்டனை அதில் போட்டால் உலோகத்தையே தின்றுவிடும், ஹைட்ரஜன் வேறு கிளம்பும். சோடாவைக் கரைக்கும்போது தண்ணீரில்தான் சோடாவைப் போடணும். சோடா மேலே தண்ணீரை ஊற்றினால் கொதித்து முகத்தில் அடிக்கும்.

சரி, ஏன் யாரும் செய்வதில்லை? ஒரு நாள் கூடுதலாகும். ஏலக்காய் சீசனில் தொழிலாளிகளை ஏற்றி குமுளிக்கும் கம்பம்மெட்டுக்கும் ஓடவேண்டிய ஜீப், ஒரு நாள் நின்றால் ஓனருக்கு வாடகை போச்சு. அதனால் ஆசானை நெருக்குவார், ஆசான் பையனை நெருக்குவார். நான் படித்தது பி.காம்., எனக்குத் தெரிந்த காஸ்டிங் கணக்கில் இதற்குப் பெயர் மிச்சம் இல்லை. செலவைப் பையன் தலையில் எழுதுவது.

ஓனரையும் ஆசானையும் மட்டும் திட்டிவிட்டுத் தப்பிக்க மாட்டேன். நம்மையும்தான் சொல்கிறேன். "பையன் கேரளாவுல மெக்கானிக் வேலை கத்துக்கறான்" என்று பெருமையாகச் சொல்கிறோம். எதில் கழுவுகிறான் என்று யாராவது கேட்டோமா? சம்பளம் எவ்வளவு என்று மட்டும் கேட்கிறோம். 14 முதல் 18 வயதுப் பிள்ளைகளை எளிதில் தீப்பற்றும் பொருட்கள் சம்பந்தப்பட்ட வேலையில் வைக்கக் கூடாது என்று 2016-ல் சட்டத்தைத் திருத்தியே வைத்திருக்கிறார்கள். ஊருக்கு வரும் பையனின் கை வெடிப்பைப் பார்த்துத் தேங்காயெண்ணெய் தடவிவிடுகிற அம்மாக்களே, அது குளிரால் வந்த வெடிப்பு இல்லை!

ஆசானிடம் இதையெல்லாம் சொன்னேன். டீ வாங்கிக் கொடுத்தார், மறுக்கவில்லை. நான் கிளம்பும்போது ஷட்டரை முழுசாக ஏற்றிவிட்டார்கள். வாளி மட்டும் அங்கேயேதான் இருந்தது.