மேலிருந்து காணும் கண்

இயற்கைப் பேரிடர் நிகழ்ந்த ஓரிரு நாட்களிலேயே அழிவைக் கணக்கிட ஆளில்லாச் சிறு வானூர்திகளை அனுப்புதல் இன்று வழக்கமாகிவிட்டது. திருமண மண்டபங்களில் தலைக்குமேல் இரைந்து செல்லும் அதே ட்ரோன்தான்! அதன் பயனை நாம் மறுப்பதற்கில்லை. மேகம் மூடினால் செயற்கைக்கோள் எடுக்கும் ஒளிப்படம் பயன்படாது. ட்ரோனோ மேகத்திற்குக் கீழே தாழப் பறந்து, ஒன்றன்மேல் ஒன்று சிறிது படியுமாறு நூற்றுக்கணக்கான படங்களை எடுத்து வரும். கணிப்பொறி அவற்றை இணைத்து ஒரே நிலப்படமாக்கும். சாலை அறுந்த ஊர்களுக்கு இது பெருந்துணை.

ஆயினும், அப்படத்தையே முடிந்த முடிபான சான்றாகக் கொள்ளலாமா என்பதே நம் வினா.

2015 ஏப்ரல் 25 அன்று 7.8 அளவிலான நிலநடுக்கம் நேபாளத்தை உலுக்கியது. ஏறத்தாழ 9,000 பேர் மாண்டனர். சுமார் 5 லட்சம் வீடுகள் அழிந்தன. அவற்றுட் பெரும்பாலானவை மண்சாந்து வைத்துக் கல்லாலும் செங்கல்லாலும் எழுப்பியவை. இத்தகைய வீடுகளில் சுவர் பிளந்தும் புடைத்தும் நிற்க, கூரை மட்டும் குலையாதிருத்தல் உண்டு. நேர் மேலிருந்து எடுத்த படத்தில் அது நலமான வீடே! குடியிருந்தவனோ உள்ளே கால்வைக்க அஞ்சி வெளியே கூடாரமிட்டுக் கிடக்கிறான். சாய்கோணத்தில் எடுத்தால் வெளிச்சுவர் ஓரளவு தெரியும். உட்சுவர் தெரியவே தெரியாது. நிவாரணப் பட்டியல் அப்படத்தை மட்டுமே நம்பி எழுதப்படின் அவன் பெயர் விடுபடும். விடுபட்ட பெயரை மீண்டும் ஏற்றுவதற்கு ஓர் ஏழை எத்தனை வாயில்களில் நிற்க வேண்டும் என்பதை நாம் அறியாதவர் அல்லோம்.

அந்நாட்களில் அயல்நாட்டுக் குழுக்கள் பல அங்கு ட்ரோன்களைப் பறக்கவிட்டன. நேபாள அரசு விரைவில் கட்டுப்பாடு விதித்தது. அதனைச் சிலர் குறைகூறலாம், நாம் கூறோம். வீடிழந்து வெட்டவெளியில் உறங்கும் பெண்டிரைப் படமெடுத்துச் செல்லும் உரிமையை எவர் அளித்தார்?

அதே ஆண்டில், கீர்த்திப்பூரை அடுத்த பாங்கா என்னும் பழைய நேவார் குடியிருப்பில் வேறொரு முறை கையாளப்பட்டது. காட்மண்டு பல்கலைக்கழகத்தாரும் பிறரும் சேர்ந்து உருவாக்கிய ட்ரோன் நிலப்படத்தைப் பெரிய விரிப்பில் அச்சிட்டு ஊரார்முன் விரித்தனர். எது குடியிருக்கத் தகும், எது தகாது, இடிபாடு எங்கே குவிந்துள்ளது என்று ஊராரே அதில் வண்ணக் குறியிட்டுக் காட்டினர். நம் நாட்டிலும் ட்ரோனுக்கு ஒதுக்கும் தொகையில் சிறு பங்கை இவ்வச்சுக்கு ஒதுக்கட்டும். பட்டியல் முடிவாகுமுன் அவ்விரிப்பு கிராம நிர்வாக அலுவலர் அலுவலகத் திண்ணையில் ஒரு வாரமேனும் கிடக்கட்டும்.