தூண்டிற் கழகத்து நண்பரை நினைக்குமாறு

மாந்தர் ஒருங்குகூடி அமைத்துக்கொள்ளுங் கழகங்கள் பலவற்றுள், தூண்டிற்காரர் கழகம் ஒன்றே பேசாமையைத் தன் முதல் விதியாகக் கொண்டது. சொற்போர்க் கழகத்தில் ஒருவர் மறைந்தால், அவர் நிகழ்த்திய சொற்பொழிவுகளை எடுத்துரைத்து இரங்கலாம். பந்தாட்டக் கழகத்தில் ஒருவர் மறைந்தால், அவர் ஈட்டிய வெற்றிகளைக் கணக்கிட்டுக் காட்டலாம். ஏரிக்கரையில் பல்லாண்டுகள் அருகருகே அமர்ந்திருந்த நண்பர் ஒருவர் பிரிந்தாராயின், அவர் நம்மிடம் கூறிய சொற்கள் அனைத்தையும் தொகுத்தாலும் இம்மலரில் ஒரு பக்கம் நிரம்பாது. ஆயினும், அவர் அமர்ந்த கல் ஆளின்றிக் கிடப்பதைக் காணுந்தோறும் நெஞ்சங் கலங்குகின்றது. இத்தகைய ஒருவரை நினைவுகூர்தல் எங்ஙனம் என்பதே யான் ஈண்டு ஆராயப் புகுந்த பொருள்.

பல்லாவரத்துப் பெரிய ஏரியிலும் அதனை அடுத்த கீழ்க்கட்டளை ஏரியிலும் ஞாயிறுதோறும் தூண்டிலிடும் எங்கள் சிறு குழுவில் மூத்தவராய் இருந்தவர் சென்ற ஐப்பசித் திங்களிற் காலமானார். அவர் பெயரை எழுதேன்; தம் பெயர் அச்சேறுவதை அவர் என்றும் விரும்பியதில்லை. தோல் பதனிடுந் தொழிலில் நெடுங்காலம் உழைத்து ஓய்வு பெற்றவர். மூங்கிற்கழி ஒன்று, நெட்டித் தக்கை, மண்புழு வைத்த தகரக்குவளை, சட்டைப்பையில் ஒரு குறிப்பேடு ஆகிய இவையே அவருடைய செல்வம். கரைக்கு வரும் ஏழைச் சிறுவர்க்கு முள்ளும் நரம்பும் தம் செலவில் வாங்கித் தருவார். சிறுவர் அவரைத் தாத்தா என்றழைப்பர். யாங்கள் பெரியவர் என்போம்.

அவர்பால் நாங்கள் கற்ற விதி ஒன்று உண்டு. விரால் மீனின் இயல்பை அறிந்தோர் இதனை எளிதில் உணர்வர். மழைக்காலத்தில் விரால் குஞ்சு பொரிக்கும். அக்குஞ்சுகள் செந்நிறத் திரளாய் நீர்மேல் மொய்த்து நிற்க, ஈன்ற மீன்கள் அத்திரளின்கீழ் நின்று காவல் புரியும். அப்போது அத்திரளின் நடுவே தவளையைக் கோத்த முள்ளை இட்டால், காவல் நிற்கும் மீன் பசியாலன்றிச் சினத்தாற் பாய்ந்து கவ்வும். தூண்டிற்காரர்க்கு இதனினும் எளிய வேட்டை வேறில்லை. பெற்ற மீன் போனபின் குஞ்சுகள் ஒரே நாளிற் கெளுத்திக்கும் கொக்குக்கும் இரையாய்விடும். பெரியவர் தம் வாழ்நாளில் அங்ஙனம் ஒருமுறையேனும் தூண்டில் இட்டதை எவரும் கண்டிலர். ஒருநாள் புதிதாய் வந்த இளைஞர் ஒருவர் அத்திரளைக் குறிவைத்துக் கழியை ஓங்கியபோது, இவர் அவர் மணிக்கட்டை மெல்லப் பற்றி, "தம்பி, பிள்ளைகள் உள்ள வீடு அது, அங்கே வேண்டாம்" என்றார். அதன்பின் அன்று மாலைவரை வேறொன்றும் பேசவில்லை.

இவர் மறைந்த சில வாரங்களுக்குள் எங்கள் குழுவினர் கூடி, ஆண்டுதோறும் அவர் நினைவுநாளில் தூண்டிற் போட்டி ஒன்று நடத்துவதென்றும், மிகப் பெரிய விராலைப் பிடித்தவர்க்கு அவர் பெயரால் வெள்ளிக் கிண்ணம் அளிப்பதென்றும் முடிவு செய்தனர். இதனை முன்மொழிந்தோர் அன்பிற் குறைந்தவரல்லர்; சுடுகாட்டில் என்னினும் மிகுதியாய் அழுதவர். ஆனால் நினைவுநாள் வருவதோ ஐப்பசியில். விரால் குஞ்சு காக்கும் மழைக்காலம் அதுவேயன்றோ! அந்நாளில் மிகப் பெரிய விராலைத் தேடுவோர் எங்கே தேடுவர் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? எதனைத் தம் வாழ்நாளெல்லாம் அவர் தடுத்தாரோ அதனையே அவர் பெயரால் செய்வதாய் முடியும். ஆதலின் யான் இதனை ஒப்பவில்லை.

"வேறு யாது செய்வது?" என்று நண்பர்கள் வினவினர். நேரிய வினாவே. அதற்கு விடை தேடுங்கால் எனக்கு ஆங்கில நாட்டு ஐசக் வால்ட்டன் நினைவிற்கு வந்தார். இலண்டனில் வாணிகஞ் செய்து வாழ்ந்தவர் அவர். 1593-இற் பிறந்து 1683-இல் மறைந்த அவரைத் தூண்டிற்காரர் அனைவரும் தம் குலமுதல்வராகப் போற்றுவர். ஆயின், அவரே முதலில் துயருற்ற நண்பர் என்பதைப் பலரும் எண்ணிப் பார்ப்பதில்லை. வெனிசு நகரில் தூதராயிருந்து, பின்னர் ஈட்டன் கல்லூரியின் தலைவராய் அமர்ந்த சர் ஹென்றி வாட்டன் அவருடைய தூண்டிற் றோழர். சான் டன் என்னும் புலவரின் வாழ்க்கையை எழுத வாட்டன் எண்ணியிருந்தார். அதற்கு வேண்டும் செய்திகளைத் திரட்டித் தருமாறு வால்ட்டனைக் கேட்டுமிருந்தார். தூண்டிற்கலையைப் பற்றியும் ஒரு நூல் செய்வதாகச் சொல்லி வந்தார். இரண்டும் நிறைவேறுமுன் 1639-ஆம் ஆண்டு இறுதியில் வாட்டன் மறைந்தார்.

வால்ட்டன் செய்தது யாது? நண்பர் எழுதாது விட்ட டன்னின் வாழ்க்கையைத் தாமே எழுதினார். அஃது 1640-இல் டன்னின் சமயவுரைத் தொகுதிக்கு முன்னுரையாய் வெளிவந்தது. பின்னர் 1651-இல் வாட்டனின் வாழ்க்கையையும் எழுதினார். 1653-இல் தூண்டிற்கலை நூல் வெளிப்பட்டது. நண்பர் செய்ய விரும்பிய நூல் அது என்பதை அதன் முகப்பிலேயே அவர் குறித்திருக்கின்றார். கடை வைத்திருந்த ஒருவர், பெரும்புலமை வாய்ந்த நண்பர் விட்டுச்சென்ற இரு பணிகளையும் தம் தோள்மேல் ஏற்றார். அவற்றால் தாமே புலவராயினார். நண்பர் எங்கே நிறுத்தினாரோ அங்கே தொடங்கிய இச்செயலினும் உயர்ந்த நினைவுச் சின்னத்தை யான் அறியேன்.

வால்ட்டனுக்கும் பின்னோர் சின்னங்கள் அமைத்தனர். 1914-ஆம் ஆண்டு இங்கிலாந்து, அமெரிக்க நாடுகளின் தூண்டிற்காரர் பொருள் திரட்டி, அவர் அடக்கம் பெற்ற வின்செஸ்டர்ப் பெருங்கோயிலில் வண்ணக் கண்ணாடிப் பலகணி ஒன்று நிறுவினர். ஆற்றோரத்தில் அமர்ந்து அவர் நூல் படிக்குங் காட்சி அதன்கண் உள்ளது, அழகியதே. எனினும், 1674-இல் சார்லசு காட்டன் என்னும் இளைய நண்பர் டவ் ஆற்றங்கரையிற் கட்டிய சிறு மீன்பிடி மனையே என் உள்ளத்தை மிகுதியுங் கவர்வது. அம்மனை வாயிலில் தம் பெயரெழுத்தையும் வால்ட்டனின் பெயரெழுத்தையும் பின்னிப் பொறித்தார் காட்டன். அப்போது வால்ட்டன் எண்பது வயதைக் கடந்தும் உயிரோடிருந்தார். நாங்களோ பெரியவர் இருந்தபோது அவர் கல்லின்மேல் ஒரு நிழற்கூரை வேய்ந்து தருவதற்குக்கூட எண்ணினோமில்லை.

மேனாட்டுச் சான்றே போதும் என்று கருதவேண்டா. பல்லாவரத்திலிருந்து மேற்கே செல்லும் சாலை குன்றத்தூரைச் சேரும். பெரியபுராணம் பாடிய சேக்கிழார் பிறந்த ஊர் அதுவே. கல்வெட்டும் வரலாறுங் கற்ற அமைச்சர், நாகையில் வலைவீசி வாழ்ந்த பரதவர் தலைவர் ஒருவரையும் தம் காவியத்துள் மறவாது வைத்தார். அதிபத்தர் நாள்தோறும் தாம் பிடித்த மீன்களுள் ஒன்றை இறைவனுக்கென்று கடலில் விட்டுவந்தார். வறுமை மிகுந்து ஒரே மீன் அகப்பட்ட நாட்களிலும் அதனை விட்டார். ஈற்றிற் கிடைத்த ஒரே மீன் பொன்மீனாய் இருந்தபோதும் தயங்காது விட்டார். இன்றும் ஆவணித் திங்கள் ஆயிலிய நாளில் நாகை மீனவர் கடலிற் சென்று பொன்மீன் விட்டு அவரை நினைவுகூர்கின்றனர். கூர்ந்து நோக்குக: அவர் பெயரால் அவர்கள் மீன் பிடித்துக் காட்டுவதில்லை, அவர் விட்டதுபோல் விடுகின்றனர். ஒரு தொழிலார் தம்முள் ஒருவரை நினைக்கும் முறைகளுள் இதனைக் காட்டிலும் பொருத்தமானது உண்டோ?

இனி, எங்கள் பெரியவர் முடியாது விட்ட பணி யாது? அவருடைய குறிப்பேடே அது. அவர் மறைந்தபின் அவர் மகளார் அதனை எங்களிடம் அளித்தார். ஒன்றன்று, பதினொன்று. ஞாயிறுதோறும் மதகின் கற்களில் எத்தனை நீருக்கு மேல் தெரிகின்றன, விராற் குஞ்சுத் திரள் எங்கே தோன்றிற்று, எந்தக் கரையில் மண் கொட்டப்பட்டது, ஆகாயத்தாமரை எதுவரை பரவிற்று என்பனவெல்லாம் பென்சிலால் எழுதப்பட்டிருந்தன. பிடித்த மீனின் எடை ஓரிடத்தும் இல்லை! பெரிய ஏரியின் நடுவே துரைப்பாக்கத்திற்குச் செல்லும் 200 அடிச் சாலை ஓடுகின்றது. குப்பையும் கழிவுநீரும் அதன் இருபாலும் ஏரியைக் குறுக்கின. கெண்டை அருகிற்று. 1952-ஆம் ஆண்டு இந்நாட்டிற்குக் கொணரப்பட்ட சிலேபியும், மேலெழுந்து காற்றை உண்ணவல்ல விராலுமே தாக்குப்பிடித்து நிற்பன. இவ்வேரியின் மிகைநீர் கீழ்க்கட்டளை, நாராயணபுரம் ஏரிகள் வழியே பள்ளிக்கரணைச் சதுப்பைச் சேர்வது. ஆதலின் இங்கு நேர்வது இங்கோடு நிற்பதன்று. இந்நீர் ஒவ்வொரு வாரமும் எங்ஙனம் இருந்தது என்பதை ஒரே கரையில் இருந்து, ஒரே கண்ணால் நோக்கி எழுதிய பதிவு பிறிதொன்று உளதாக யான் கேள்வியுற்றதில்லை. அஃது ஐப்பசி முதல் வாரத்தோடு நின்றுவிட்டது.

கிண்ணத்திற்கு ஒதுக்கிய பொருளைக்கொண்டு பன்னிரண்டாங் குறிப்பேட்டைத் தொடங்கி, முறை வைத்து எழுதிவருவோம் என்றும், நினைவுநாளிற் கழி எடாமல் கரைக்கு வருவோம் என்றும் குழுவில் வேண்டிக்கொண்டேன். இருவர் உடன்பட்டனர். ஒருவர், பென்சிற்குறிப்பில் என்ன பெருமை என்றார். மற்றொருவர், தட்டாரிடம் முன்பணம் கொடுத்தாயிற்றே என்று வருந்தினார், அவ்வருத்தமும் நியாயமே. முடிவு இன்னும் எட்டப்படவில்லை.

சென்ற ஞாயிறு யான் தனியே மதகிற்குச் சென்றேன். பெரியவரால் முன்னொருநாள் மணிக்கட்டுப் பற்றப்பட்ட அவ்விளைஞர் எனக்கு முன்னரே அங்கு வந்து, படியில் அமர்ந்து கற்களை எண்ணிக்கொண்டிருந்தார். கையிற் கழி இல்லை. "நான்கு கல் தெரிகின்றது ஐயா; வடகரையில் ஒரு திரள்" என்றார். எழுதிக்கொண்டேன்.