குதிரைக்கு ஜாங்கிரி வேண்டாம்

போன தை மாதம் ஒரு கல்யாண வரவேற்பு. மண்டப வாசலில் மாப்பிள்ளையை இறக்கிவிட்ட சாரட்டு நின்றது. பிள்ளைகள் பந்தியிலிருந்து ஜாங்கிரி கொண்டுவந்து குதிரைக்கு ஊட்ட, பெரியவர்கள் செல்போனில் படம் பிடித்தார்கள். ஒருவர் வாளியோடு சோற்றையே கொண்டுவந்து வைத்தார். நான் வேண்டாமென்றேன். "வாயில்லா ஜீவன், சாப்பிடட்டுமே சார்" என்றார்.

நான் வைத்தியன் அல்ல. கால்நடைத் துறையில் சில வருஷம் குமாஸ்தாவாக இருந்தவன். டாக்டர்களிடம் கேட்டதும் பிறகு படித்ததும்தான் என் சரக்கு. ஆனாலும் சொல்கிறேன்: சாட்டையால் அடிப்பவனைத் திட்டுகிறோமே, அன்பாக ஊட்டுகிறவனும் குதிரையைக் கொல்லலாம்.

குளம்புக்குள்ளே ஓர் எலும்பு இருக்கிறது. இரண்டு நோட்டுப் புத்தகங்களின் தாள்களை ஒன்றுக்குள் ஒன்று செருகியது போல, மெல்லிய மடிப்புகள் அந்த எலும்பைக் குளம்புச் சுவரோடு பிடித்துவைத்திருக்கின்றன. நானூறு, ஐந்நூறு கிலோ உடம்பு தொங்குவது அந்தப் பிடியில்தான். அது நொந்துபோவதுதான் லேமினைடிஸ். பிடி விட்டால் எலும்பு கீழே சரியும். முற்றினால் உள்ளங்காலைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும்.

சோறும் தானியமும் அளவுக்கு மிஞ்சினால் பெருங்குடலில் புளித்து, விஷம் ரத்தத்தில் ஏறும். கொழுத்த குதிரைக்கு இன்சுலின் கூடினாலே போதும். குட்டி போட்டபின் நஞ்சுக்கொடி விழாமல் தங்கினாலும் வரும். ஒரு கால் முறிந்து, பாரமெல்லாம் மற்றக் காலில் விழுந்தாலும் வரும். 2006-இல் கென்டக்கி டெர்பி வென்ற பார்பரோவுக்கு அதுதான் நேர்ந்தது. 1973-இல் அமெரிக்காவின் மூன்று பெரிய பந்தயங்களையும் வென்ற செக்ரட்டேரியட்டையும் 1989-இல் இந்த நோயால்தான் கருணைக்கொலை செய்தார்கள்.

பிரெஞ்சில் இதற்கு 'ஃபூர்ப்யூர்' என்று பெயர். அளவுக்கு மீறிக் குடிப்பது என்ற பழைய சொல்லிலிருந்து வந்ததாம். எங்கள் பள்ளி வாத்தியார் சாயங்காலமானால் நாற்காலியில் சாய்ந்து, "ஃபூர்ப்யு" என்பார். ஓய்ந்துபோனேன் என்று அர்த்தம். அது குதிரை வியாதியிலிருந்து வந்த வார்த்தை என்று அப்போது எங்களுக்குத் தெரியாது.

குதிரை முன்காலை நீட்டி, பாரத்தைப் பின்னங்காலில் போட்டு நின்றால், குளம்பு சுட்டால், கணுக்காலுக்குப் பின்னே நாடி துள்ளினால், அன்றைக்கே டாக்டரைக் கூப்பிட வேண்டும். ஆரம்பத்தில் கால்களை இரண்டு மூன்று நாள் இடைவிடாமல் ஐஸில் வைப்பது பலன் தரும். தானியம் நிறுத்தி, மணலிலோ மெத்தென்ற வைக்கோலிலோ நிற்கவிட வேண்டும். பிறகு எக்ஸ்ரே பார்த்து லாடம், குளம்புச் சீவல். வலி ஊசி போட்டு, நொண்டல் தெரியாமல் அன்றே சவாரிக்கு ஓட்டுவது மகா பாவம். வலி தெரியாமல் நடக்கிற ஒவ்வொரு அடியிலும் மிச்சமிருக்கிற பிடியும் கிழியும்.

என் பேத்தி கல்யாணத்துக்கு சாரட்டு கூடாது என்று சொல்லியிருக்கிறேன். வீட்டில் இன்னும் யாரும் ஒப்புக்கொள்ளவில்லை.