எண்பத்தொன்றாம் இலக்கக் குழந்தை

2004 டிசெம்பர் 26ஆந் திகதி ஆழிப்பேரலை அம்பாறைக் கரையோரத்தைச் சூறையாடிய அன்று, கல்முனை வைத்தியசாலையிலே ஓர் ஆண் குழந்தை சேர்க்கப்பட்டது. அன்று வந்தோருள் அது எண்பத்தொன்றாவது. ஆதலின் அவ்விலக்கமே அதன் பெயராயிற்று. ஒன்பது தம்பதியர் உரிமை கோருகின்றனரென உலகப் பத்திரிகைகள் எழுதின; வழக்குத் தொடுத்தவரோ ஒரே தம்பதியர். அவர்தம் ஆவணங்கள் கடலோடு போயினமையால், நீதிமன்றம் டீ.என்.ஏ. பரிசோதனைக்குக் கட்டளையிட்டது. 2005 பெப்ரவரி 14ஆந் திகதி, அவர்களே பெற்றோரென முடிவு வந்தது. இரு நாளில் குழந்தை தாய்மடி சேர்ந்தது.

இச்செய்தியைக் கேட்டோர் ஆய்வுகூடத்தின் திறனையே வியந்தனர். மாதிரி எடுக்கும் வேலையை எவரும் நினைத்திலர். அது கெட்டால் எந்தப் பொறியாலும் பயனில்லை.

உயிருள்ளோரிடம் அது எளிது. கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் தேய்த்தாலே போதிய கலங்கள் கிட்டும். குச்சியை உலர்த்திக் கடதாசி உறையிலிட வேண்டும். ஈரத்தோடு மூடினால் பூஞ்சணம் பற்றும்.

இறந்தோரின் இழையமோ பொறுத்திராது. உயிர் நீங்கியதும் கலங்களிலுள்ள நொதியங்களே டீ.என்.ஏ.யைத் துண்டாடத் தொடங்கும்; நமது கரையோர வெப்பத்தில் பற்றீரியாக்களும் சேர்ந்துகொள்ளும். ஆதலின் தசையைச் சிறு துண்டாக வெட்டி எதனோலில் இடுவர், அன்றேல் கடுங்குளிரில் வைப்பர். துண்டு பெரிதாயின் எதனோல் ஊறுமுன்னரே நடுப்பகுதி அழுகிவிடும். பாடசாலைப் போத்தலில் தவளை மிதப்பதைக் கண்ட மாணவர், “போமலின் ஆகாதோ?” என்று வினவலாம். உருவத்தைக் காக்க அது நன்று, ஆனால் டீ.என்.ஏ.யைப் புரதத்தோடு பிணைத்துச் சிதைத்துவிடும். ஒவ்வோர் உடலுக்கும் புதுக் கையுறை, புதுக் கத்தி வேண்டும். ஒருவர் இழையம் மற்றவர் குப்பியில் ஒட்டினால் பிள்ளை மாறிப்போகும்! பெயர்ச்சீட்டு மாறினாலும் அவ்வாறே. இவ்வளவும் முடிந்த பின்னரே ஆய்வுகூடத்தார் இழையத்தை நொதியத்தாற் கரைத்து டீ.என்.ஏ.யைப் பிரித்தெடுப்பர். உடல் அழுகியபின் பல்லும் தொடையென்புமே கைகொடுக்கும்.

அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். மையித்தை விரைந்து அடக்குவது மார்க்கக் கடமை, வெப்பமும் காத்திருக்கவில்லை. பெரும்பாலான உடல்கள் மாதிரி எடுக்கப்படாமலே மண்ணுக்குள் சென்றன. எவரையும் குறைகூற நமக்கு மனமில்லை. அன்று எதனோலையும் குப்பியையும் தேடுவார் யார்? ஆயினும் விரல்நகமளவு தசையெடுத்துச் சீட்டிடுவது சில நிமிட வேலை. அதனால் அடக்கம் தாமதித்திராது.

தம் பிள்ளை எங்கோ வளர்கிறானென்று இன்றும் தேடும் உம்மாமார் இக்கரையோர ஊர்களில் உள்ளனர். அவர்தம் கன்னத்துக் கலங்களை இன்றைக்கும் எடுக்கலாம். ஒப்பிட்டுப் பார்க்க எடுத்துவைத்த மாதிரிதான் இல்லை.