சிறைக்கூடமும் காட்சிக்கூடமும்

சூலக்கரையை அடுத்த விருதுநகரில் காமராசர் வாழ்ந்த இல்லம் நினைவில்லமாகப் போற்றப்படுகிறது. ஆயின், அப்பெருந்தலைவர் தம் வாழ்வில் ஏறத்தாழ 9 ஆண்டுகளைச் சிறையிலன்றோ கழித்தார்? வீட்டைக் காப்பது போலவே பழைய சிறைகளையும் காத்தல் நாட்டின் கடனாகும்.

அந்தமான் சிறை 1906இல் ஏழு கிளைகளுடன் கட்டி முடிக்கப்பட்டது. ஒருவர் முகத்தை மற்றவர் காணாவண்ணம் அதன் அறைகள் அமைந்தன. நான்கு கிளைகள் பின்னர் அழிந்தன. எஞ்சிய மூன்றும் 1979இல் தேசிய நினைவகமாக அறிவிக்கப்பட்டன. சென்னை மத்திய சிறையோ 2009இல் இடிக்கப்பட்டது. இடித்ததை மீட்டல் எங்ஙனம்?

சிறையை அருங்காட்சியகமாக்குவோர் அதனை அழகுபடுத்த முற்படலாகாது. சுவரின் விரிசலை அடைக்கலாம். அறையின் இருளைப் போக்கலாகாது. அவ்விருளில் சிறிது பொழுது நின்ற மாணாக்கர், விடுதலைக்கு முன்னோர் கொடுத்த விலையைத் தாமே உணர்வர்.