பெயரில்லா நோயும் பொறுப்பில்லாத் தீர்ப்பும்

"நரம்புத் தளர்ச்சி" என்னும் சொல்லைப்போல் நம் நாட்டில் மலிந்துபோன மருத்துவத் தீர்ப்பு வேறொன்றில்லை. கால் விறைத்தாலும் நரம்புத் தளர்ச்சி. கை நடுங்கினாலும் நரம்புத் தளர்ச்சி. இரவில் உள்ளங்கால் எரிந்து உறக்கம் கெட்டாலும் அதுவே. இரத்தம் சோதிக்கப்படுகிறது, படம் பிடிக்கப்படுகிறது, ஒன்றும் தென்படவில்லை. உடனே, "உமக்கு ஒன்றுமில்லை, வீணாக யோசிக்கிறீர்" என்று நோயாளி வீட்டுக்கு அனுப்பப்படுகிறார். சோதனையில் ஒன்றும் தென்படவில்லை என்பதும், நோயாளிக்கு ஒன்றுமில்லை என்பதும் ஒன்றாகுமா? ஆகாது என்பதே நமது துணிபு. இவ்வேறுபாட்டை மறந்தமையாலன்றோ, நேற்றுவரை உழைத்த மனிதன் இன்று சோம்பேறி என்றும், வீட்டுக்கு வந்த மருமகள் பாசாங்குக்காரி என்றும் பட்டஞ் சூட்டப்பட்டு மூலையில் ஒதுக்கப்படுகின்றனர்!

நம் மக்களிடையே நிகழ்ந்த ஒன்றையே சான்றாகக் காட்டுவோம். 1977, 1978ஆம் ஆண்டுகளில் இலங்கையில் இருபதுக்கு மேற்பட்ட தமிழ் இளம்பெண்கள் திடீரென நரம்பு நோய்க்கு ஆளாயினர். முதலில் கெண்டைக்கால் நொந்தது, சில நாட்களில் பாதம் தொங்கிற்று, நடை தடுமாறிற்று, கைகளும் வலுவிழந்தன. பாதிக்கப்பட்டவர் அனைவரும் பெண்கள். அண்ணனுக்கும் தம்பிக்கும் இல்லாத நோய் அக்காளுக்கு மட்டும் வந்ததென்றால், வாய் கூசாமல் பெயர் வைப்பதற்கு ஊரில் ஆட்களா இல்லை? பூப்பெய்திய பிள்ளைக்குப் பயம் என்பார் ஒருவர்; பேய்க்குற்றம் என்பார் மற்றொருவர்; படித்தவராயின் மனக்கோளாறு என்பார்.

உண்மைக் காரணமோ நல்லெண்ணெயில் இருந்தது. பூப்பெய்திய பெண்ணுக்கும் பிள்ளை பெற்ற தாய்க்கும் நல்லெண்ணெயை மிகுதியாகக் கொடுப்பது நம் வழக்கம். அவ்வெண்ணெயில் திரைகிரெசைல் பொசுபேற்று என்னும் நஞ்சு கலந்திருந்தது. முன்னர் கனிய எண்ணெய் வைத்திருந்த கொள்கலங்களில் நல்லெண்ணெயை ஏற்றியதால் இக்கலப்பு நேர்ந்திருக்கலாம் என்று ஆய்வாளர் கருதினர். இந்நஞ்சு உண்ட அன்றே காலை முடக்குவதன்று. பெரும்பாலும் இரண்டு மூன்று வாரங் கழித்தே தன் வேலையைக் காட்டும். உடல் தேறவேண்டும் என்று அன்போடு ஊட்டிய எண்ணெயே மகளின் காலைப் பறித்தது என்று எந்தத் தாய்தான் எண்ணியிருப்பாள்? நிமல் சேனநாயக்க, ஜெயரத்தினம் ஆகிய இரு வைத்திய அறிஞர்கள் இதனை ஆராய்ந்து 1981இல் உலகறிய வெளியிட்டனர். நோயாளர் சிலரை மூன்றாண்டுகள் விடாது தொடர்ந்து பார்த்த ஆய்வும் வெளிவந்தது. 1959இல் மொறொக்கோ நாட்டின் மெக்னஸ் நகரில் ஏறத்தாழப் பதினாயிரம் பேரை வீழ்த்தியதும் இவ்வகை நஞ்சே.

இங்கு நாம் வற்புறுத்துவது ஒன்று. "யாருக்கு வந்தது, எப்போது வந்தது, அதற்கு முன் என்ன உண்டார்" என்று கேட்பதற்குப் பொறுமை இருந்தமையாலேயே இவ்வுண்மை வெளிப்பட்டது. "ஒன்றுமில்லை" என்று துண்டை எழுதிக் கையில் கொடுத்திருந்தால், அப்பெண்கள் சாகும்வரை பைத்தியக்காரிகளாகவே வாழ்ந்திருப்பர்.

எல்லா நோய்க்கும் இவ்வாறு விடை கிடைக்கும் என்று நாம் சொல்லவரவில்லை. வசதி மிகுந்த நாடுகளிலும், எல்லாச் சோதனையும் முடிந்த பின்னர், நரம்பு நோயாளருள் கணிசமான பங்கினருக்குக் காரணம் அகப்படுவதில்லை. சோதனைகளுக்கும் எல்லை உண்டு. நரம்பில் மின்னோட்டம் பாயும் வேகத்தை அளக்கும் சோதனை தடித்த நரம்பிழைகளையே அளக்கிறது. சூட்டையும் நோவையும் உணர்த்தும் நுண்ணிழைகள் கெட்டிருப்பினும் அச்சோதனை "சரி" என்றே சொல்லும். அதனைக் கண்டறியத் தோலில் ஒரு சிறு துணுக்கை வெட்டி நுணுக்குக்காட்டியில் பார்க்க வேண்டும். இன்னும் சிலருக்கு நரம்பின் அமைப்பு பழுதின்றி இருக்க, அதன் இயக்கம் மட்டும் தடம்மாறிப் போவதுண்டு. அதுவும் நோயே, நடிப்பன்று. தக்க பயிற்சியால் தேறியவர் பலர்.

ஆகவே வைத்தியரிடம் நாம் முக்காலமும் உணர்ந்த ஞானத்தைக் கேட்கவில்லை. "இன்னும் தெரியவில்லை; மூன்று மாதத்தில் மறுபடி வாரும்" என்னும் நேர்மையான வார்த்தையைக் கேட்கிறோம். நீரிழிவா, பீ12 உயிர்ச்சத்துக் குறைவா, காசநோய்க்கு எடுக்கும் ஐசோனியசிட் மருந்தின் விளைவா, இன்றும் நம்மிடையே உள்ள குட்டநோயின் தொடக்கமா என்று திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டியது கடமை. இவை நேரத்தோடு கண்டால் தடுக்கக்கூடியவை. பெயர் தெரியாத நோய்க்கும் எரிவைத் தணிக்க மருந்துண்டு. விறைத்த பாதத்தில் புண் வராமல் காக்க வழியுண்டு.

இனி மொழியின் கதையைச் சொல்லாமல் விடமுடியாது. எலும்பு முறிந்தால் படம் பேசும். நரம்பு நோயிலோ நோயாளியின் வாயே முதற் சாட்சி. விறைப்பு வேறு, மதமதப்பு வேறு. எரிவு வேறு, உளைவு வேறு. எறும்பு ஊர்வதுபோல் இருப்பது வேறு, ஊசி குத்துவதுபோல் இருப்பது வேறு. இவ்வேறுபாடுகளிலிருந்தே எந்த நரம்பு, எவ்விடத்தில் கெட்டது என்று தேர்ந்த வைத்தியர் ஊகிக்கிறார். தமிழறியாத வைத்தியர் முன் அரைகுறைச் சிங்களத்தில் "கால் வலி" என்று மட்டும் சொல்லிவிட்டு ஒரு தோட்டத் தொழிலாளி திரும்புவாராயின், அவருடைய நோயின் பாதி ஆஸ்பத்திரி வாசலிலேயே தங்கிவிடுகிறது. தமிழும் ஆட்சிமொழி என்று 1987இல் அரசியலமைப்பில் எழுதினார்கள். எழுதிய எழுத்து கிளினிக் மேசைக்கு வந்து சேரவேண்டாமா?

நரம்பியல் நிபுணரைக் காண மலைநாட்டுக் கூலிக்காரர் ஒரு நாட் சம்பளத்தை இழந்து பஸ் ஏறுகிறார்; நெடுநேரம் காத்திருந்து சில நிமிடங்களில் வெளியே வருகிறார். தனியார் வைத்தியசாலைக்குச் செல்லப் பணமில்லை. பின்னர், சகல நரம்பு நோய்களையும் போக்குவதாக விளம்பரம் செய்யும் லேகிய வியாபாரியிடம் அவர் போவதைக் குறைகூற நமக்கு வாயில்லை. நிபுணரின் நடமாடும் கிளினிக் மாதம் ஒருமுறையாவது தோட்டப் பகுதிகளுக்கும், வடக்கு கிழக்கின் ஒதுங்கிய ஊர்களுக்கும் வரவேண்டும். தமிழில் விசாரித்து எழுத ஓர் உத்தியோகத்தர் அங்கே அமரவேண்டும். காரணம் காணப்படாத நோயாளரின் விபரங்கள் தனிப் பதிவேட்டில் இருக்கவேண்டும். ஓரிடத்தில் இருவர் மூவருக்கு ஒரே குறி தென்பட்டால், அவர்கள் உண்ணும் எண்ணெயையும் குடிக்கும் நீரையும் பார்க்க உடனே ஆள் அனுப்பப்படவேண்டும். இதனைச் சுகாதார அமைச்சிடம் எடுத்துரைப்பது நமது பிரதிநிதிகளின் பொறுப்பு. அடுத்த வரவுசெலவுத் திட்ட விவாதத்தில் அவர்களுள் யார் எழுந்து இதனைக் கேட்கிறார் என்று பார்ப்போம்.